அழக் கூடாத வீடு

முப்பது வயதைத் தொடுவதற்கு முன்பே "அந்தக் காலத்துல" என்று ஆரம்பித்தால் அலுவலகத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். ஒரகடம் சாலையில் எதிரே லாரி வந்தால் சைக்கிளை மண்ணில் இறக்கி நின்ற காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, அதே சாலை அகலமாகிப் பாலமேறிய பிறகு பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் நாம். நம்மைப் போன்றவர்களுக்கு ஞாபகங்கள் சீக்கிரமே பழசாகிவிடுகின்றன. ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க எனக்கு வராது.

பகலில் தூங்குகிறவர்களை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைப்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது, வந்த பணத்தில் அப்பா ஒரு வரிசை அறைகள் கட்டினார். சிமெண்ட் ஷீட் கூரை, அறைக்கு ஒரு ஜன்னல், கோடியில் பொதுக் குளியலறை. வரிசையின் முதலில் எங்கள் வீடு. அறைகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள். நாலு பேர் என்று சொல்லி வாடகைக்கு எடுப்பார்கள். ஷிப்ட் மாறி மாறி எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தால்தான் தெரியும். ஏ, பி, சி என்ற எழுத்துகள் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே ஷிப்டாகத்தான் அறிமுகம். சி ஷிப்ட் முடித்தவர்கள் காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருவார்கள். கண் சிவந்திருக்கும். சட்டையில் எண்ணெயும் இரும்பும் கலந்த ஒரு வாசனை. நின்றபடியே இட்லியைத் தின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகு எங்கள் காம்பவுண்டில் சத்தம் கிடையாது.

சத்தம் கிடையாது என்றால் உண்மையிலேயே கிடையாது. அம்மா குக்கர் வைக்க மாட்டாள், விசில் அடிக்கும் என்று. பாத்திரம் துலக்கும் இடத்தில் சாக்கு விரித்திருக்கும். இரும்பு கேட்டின் கீலுக்கு அப்பா கிரீஸ் தடவி வைத்திருந்தார். பைக் வைத்திருக்கும் பையன்கள் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கீரை விற்கும் அம்மா எங்கள் வாசலுக்கு வந்ததும் பாதிக் கூவலை விழுங்கிவிட்டுக் கையை மட்டும் ஆட்டுவார். எங்களிடம் ஒரு சேவல் இருந்தது. அது என்னவாயிற்று என்று கேட்காதீர்கள், குழம்பு நன்றாக இருந்தது.

"பசங்க தூங்குது." அம்மா ஒரு நாளைக்கு அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான். சாலைக்கு அந்தப் பக்கம் டைல்ஸ் போட்ட ஹாஸ்டல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்களிடம் டைல்ஸ் இல்லை, தண்ணீர் உப்பு, மழைக்கு ஷீட் ஒழுகும். அமைதி ஒன்றைத்தான் அம்மாவால் கொடுக்க முடிந்தது. அப்பாவும் கம்பெனி வேன் ஓட்டினார், சி ஷிப்ட் ட்ரிப். அவரும் பகலில் தூங்குகிறவர்தான்.

தம்பியும் நானும் டி.வி.யைச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்போம். கார்ட்டூனில் பூனை என்ன சொல்கிறது, நாய் என்ன சொல்கிறது என்று நானே அவன் காதில் முணுமுணுப்பேன். சீரியலில் அழுகிற பெண்கள் வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள், சத்தம் வராது. அதைப் பார்த்து அவன் சிரிப்பான். அவன் சிரிப்புக்கும் சத்தம் இருக்காது. தோள் மட்டும் குலுங்கும்.

அவனுக்கு அப்போது எல்.கே.ஜி.யில் சேர்க்கிற வயது. ஆடிக் காற்று லாரி மண்ணை வாரி வீட்டுக்குள் கொட்டிய நாட்கள். குளிப்பாட்டும்போது சோப்பு கண்ணில் பட்டு அவன் வீறிட்டான். அம்மா பழக்கத்தில் அவன் வாயைப் பொத்தினாள். பொத்திய கையோடு குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வலது தொடை வயிற்றோடு சேரும் இடத்தில், கோலிக்குண்டைவிடப் பெரிதாக ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது. அவன் தேம்பி அடங்கியதும், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல உள்ளே போய்விட்டது.

"எலி," என்றான் தம்பி.

அன்றிலிருந்து அது எங்கள் எல்லோருக்கும் எலிதான். எலி வந்துடுச்சி, எலி பூட்ச்சி.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவனைப் படுக்கவைத்துப் பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார். எலி வரவில்லை.

"கொஞ்சம் அழ வுடுங்கம்மா."

"அழ மாட்டான் டாக்டர்," என்றாள் அம்மா.

"அழாத புள்ள உண்டா? டேய், ஊசி போட்டுடுவேன்!"

தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கண்ணில் நீர் கட்டியது, சத்தம் வரவில்லை. டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். ஒரு ரப்பர் கையுறையை எடுத்து, "ஊது பாக்கலாம்," என்றார். அவன் கன்னம் உப்ப ஊதினான். கையுறையின் ஐந்து விரலும் ஒவ்வொன்றாக விறைத்து நின்றன. கீழே எலியும் வந்தது.

"வந்துட்டாரு பாரு தொரை!" என்றார் டாக்டரம்மா. அறையில் எல்லோரும் சிரித்தோம். அம்மாகூட.

பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தெளிவாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "இது குடலிறக்கம். பொறக்கறதுக்கு முன்னாடி மூடியிருக்க வேண்டிய வழி மூடல. தானா மூடாது. இதுக்கு மாத்திர கெடயாது, பெல்ட்டு கெடயாது. சின்ன ஆபரேஷன். காலையில பண்ணா சாயங்காலம் வூட்டுக்குப் போலாம். தள்ளிப் போடாதீங்க. எப்பவாச்சும் வெளிய வந்தது உள்ள போகாம கல்லு மாதிரி நின்னுட்டா உடனே தூக்கிட்டு வந்துடணும். ஏன்னா குடலு மாட்டிக்கும். புள்ள வுடாம கத்துவான், உங்களுக்கே தெரிஞ்சுடும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று இத்தனை வருஷமாக நினைக்கிறேன். எந்தத் தாய்க்கும் சொல்கிற வாக்கியம்தான் அது. எங்கள் காம்பவுண்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

குறித்த நாளில் போனோம். மயக்க மருந்து டாக்டர் அவன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "கரகரன்னுது. சளியோட மயக்கம் குடுக்கக் கூடாது, ஆபத்து. சளி போனதும் கூட்டியாங்க." நியாயமான பேச்சு. ஆனால் அந்த வருஷம் நம் ஊரில் எந்தப் பிள்ளைக்குச் சளி போனது? சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஜல்லி லாரி போனால் துளசிச் செடி வெள்ளையாகிவிடும். அடுத்த தடவையும் அதே கரகரப்பு, அதே பதில், அதே பஸ்.

அப்போதுதான் மறைமலை நகரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. வந்த வேகத்தில் தம்பியின் டவுசரை இறக்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினாள்.

"இன்னாம்மே, ஆம்பளப் புள்ளைக்கு அந்த எடத்துல கத்தி வெக்கறியா? நாளைக்கு அவனுக்குப் புள்ள குட்டி வேணாமா?"

"டாக்டரு தானா மூடாதுன்றாங்க அண்ணி."

"டாக்டரு சொல்லுவாங்க. இது எப்ப எறங்குது? அழுதா எறங்குது. அழுவாம பாத்துக்கினா எப்படி எறங்கும்? கொஞ்ச நாளு உள்ளயே கெடந்துச்சின்னா வழி தானா தூந்துக்கும்."

கறுப்பு அரைஞாண் கயிறு ஒன்றைப் புதிதாக முறுக்கி, துணியைச் சின்ன உருண்டையாகச் சுற்றி அந்த இடத்தில் அழுந்தும்படி அதில் கோத்து இறுக்கிக் கட்டினாள். வேன் ட்ரிப்பிலிருந்து வந்த அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அக்கா சொல்றதும் சரியாத்தான் கீது," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

குடலிறக்கத்தைப் பற்றி இப்போது கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். படம் போட்டே விளக்குவேன், கேட்க ஆள்தான் இல்லை. பிறப்பதற்கு முன் விரை வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்கி வருகிற பாதைதான் டாக்டரம்மா சொன்ன அந்த வழி. இறங்கியதும் மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மூடாமல் ஒரு பை போலத் தங்கிவிடுகிறது, அதில் குடல் வழுக்கி வருகிறது. பெண் குழந்தைகளுக்கும் வரும். ஆபரேஷன் என்பது விரல் அகலத்துக்கு ஒரு கீறல், அந்தப் பையின் கழுத்தைப் பிடித்து ஒரு முடிச்சு. அவ்வளவுதான்! பெரியவர்களுக்கு வைக்கிற வலைகூடக் குழந்தைகளுக்கு வேண்டாம். கயிறும் துணியுருண்டையும் ஒன்றும் செய்யாது. அழுகையும் ஓட்டை போடுவதில்லை, இருக்கிற ஓட்டையைக் காட்டிக்கொடுக்கிறது. எங்கள் வீட்டில் காட்டிக்கொடுத்ததன் வாயை அடைத்தார்கள்.

அம்மா ஏன் அத்தை பேச்சைக் கேட்டாள் என்று நீங்கள் கேட்கலாம். அவள் புதிதாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அழக் கூடாது என்பது ஏற்கெனவே அந்த வீட்டின் சட்டம். பையன்களின் தூக்கத்துக்காக இருந்தது, இப்போது தம்பியின் உயிருக்காகவும் ஆயிற்று. "அழுதியானா எலி வந்துடும்," என்பாள். அவன் கீழே விழுந்தால் முதலில் தன் வாயைத்தான் பொத்திக்கொள்வான், பிறகுதான் முட்டியைப் பார்ப்பான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவனைச் சிரிக்கவைத்துக்கொண்டே இருப்பது என் வேலை.

அதில் எனக்குத் துணை ஏழாம் ரூம் அண்ணன். திருநெல்வேலிப் பக்கம். கார்க் கதவை அடித்து வளைக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. "ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சுக்குள்ள இடி விழும் பாத்துக்கோ," என்பார். காதில் வைத்துக்கொள்ளக் கம்பெனியில் மஞ்சள் பஞ்சு அடைப்பான் கொடுப்பார்கள். ஊதாக் கயிற்றில் இரண்டு தொங்கும். பழசானதைத் தம்பிக்குக் கொடுப்பார். அதை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினால் சோற்றுப் பருக்கை அளவுக்கு ஒல்லியாகிவிடும். தரையில் வைத்துவிட்டு அவன் குப்புறப் படுத்துக்கொள்வான். அது மெல்ல, மெல்ல மூச்சு வாங்கிக்கொண்டு பழைய அளவுக்கு வரும். மறுபடி உருட்டுவான். மத்தியானம் முழுக்க அதே விளையாட்டு. நானும் ஒன்று எடுத்து வைத்திருந்தேன். வீடு மாற்றும்போது எங்கோ போய்விட்டது.

ஒரு நாள் அண்ணன் அம்மாவிடம் கேட்டார். "என்னக்கா இது, பிள்ளைய ஊமையாவா வளக்கீங்க? சத்தம் போடட்டும். நாங்கதான் காதுல பஞ்சு வச்சிருக்கோம்லா."

"நீ ஒருத்தன் சொல்லுவ. மத்தவன் ரூம காலி பண்ணிக்கினு போனா, நீயா வந்து எல்லா ரூம்லயும் படுப்ப?"

"படுத்துட்டாப் போச்சு. எங்க லைன்ல எல்லாவனும் நின்னுக்கிட்டேதான் உறங்குதான்."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தீபாவளிக்குப் பையன்கள் எல்லோரும் ஊருக்குப் போனார்கள். பெருங்களத்தூரில் பஸ் பிடிக்கப் பையோடு கிளம்பியதும் வளாகம் காலி. அந்தச் சில நாட்களில் எங்களுக்கு எல்லாம் விடுதலை. நான் அறை அறையாக ஓடிக் கத்தினேன், சுவரில் மோதி என் குரல் திரும்பி வந்தது. "நீயும் கத்துடா!" என்று தம்பியை முற்றத்தில் நிறுத்தினேன். அவன் மூச்சை இழுத்து, வாயை அகலமாகத் திறந்து, "ஆ..." என்றான். எனக்குக் கேட்டது. இரும்பு கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு அவ்வளவுதான் வந்தது. எனக்குச் சிரிப்பாக இருந்தது அன்றைக்கு.

எலி வெகு நாட்களாக வரவில்லை. அம்மா அத்தைக்குப் போன் செய்து சொன்னாள். கீரைக்கார அம்மாவிடம் சொன்னாள். "எம்புள்ள அழுவறதே இல்ல. பாதி சரியாயிட்ச்சி." மூன்றாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் தம்பிக்குச் சளி இல்லை. மழை பெய்து மண் அடங்கி, நெஞ்சு சுத்தமாக இருந்தது. அன்றைக்கு நாங்கள் போகவில்லை.

கார்த்திகை மாதம் கம்பெனிகளில் ஓவர்டைம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா அறையும் நிறைந்திருந்தது. காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது தம்பி வந்து என் பாவாடையைப் பிடித்தான்.

"அக்கா, எலி போவல. அமுக்கினேன். வலிக்குது." வழக்கமான கிசுகிசுப்புதான்.

அம்மாவிடம் ஓடினேன். அவள் கயிற்றைத் தளர்த்திப் பார்த்தாள், தொட்டாள். அவனைப் படுக்கவைத்து இடுப்புக்குக் கீழே தலையணையைச் செருகி, ஈரத்துணி போட்டாள். முன்பெல்லாம் அப்படித்தான் உள்ளே போயிருந்தது. "சத்தம் போடாம படு கண்ணு, தானா பூடும்," என்றாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தபோது வீடு பினாயில் நாறியது. இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தான், கொடுத்த ஓமத் தண்ணியும் வெளியே வந்துவிட்டதாம். ஒருக்களித்து, முட்டியை நெஞ்சோடு சேர்த்துப் படுத்திருந்தான். கைக்குள் மஞ்சள் பஞ்சு. அதை உருட்டவில்லை, சும்மா இறுக்கிப் பிடித்திருந்தான். நெற்றி முழுக்க வியர்வை. உதட்டில் பல் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது.

அம்மா எழுந்து அப்பா தூங்கும் அறைக் கதவு வரை போனாள். கையைக் கதவில் வைத்தாள். அப்படியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அழல பாரு," என்றாள் என்னிடம். "வலி அவ்ளோ இல்ல போல கீது. கல்லா நின்னுட்டா கத்துவான்னுதான டாக்டரு சொன்னாங்க?"

அவள் அந்தக் கத்தலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவன் அம்மா சொன்னபடி நடந்துகொண்டிருந்தான். அந்த மத்தியானம் இன்னும் என் வீட்டில் நடந்துகொண்டே இருக்கிறது.

சாயங்காலம் அப்பா எழுந்து தெருமுனை கிளினிக்குக்குத் தூக்கிப் போனார். வாந்தி என்று மட்டும்தான் அங்கே அப்பா சொன்னார். அந்த இடத்தைக் காட்டவில்லை. ஊசி போட்டதும் வாந்தி நின்றது, சரியாகிவிட்டது என்று படுத்தோம். விடிந்தபோது அவன் வயிறு உப்பிக்கொண்டிருந்தது. எடுத்த வாந்தி பச்சையாக இருந்தது. அப்பா வேனை எடுத்தார். வேனுக்குள் முந்தின ஷிப்ட் ஆட்களின் வியர்வை வாசனை. தம்பி அம்மா மடியில் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி வந்தான்.

அவசரப் பிரிவில் சின்ன வயது டாக்டர். துணியை விலக்கிப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. புடைப்பின் மேல் தோல் கருஞ்சிவப்பாக இருந்தது.

"எப்பலேர்ந்துமா கத்தறான்?"

"கத்தவே இல்ல சார்," என்றாள் அம்மா. "எம்புள்ள அழவே மாட்டான் சார்."

ஊரெல்லாம் சொன்ன அதே குரலில் சொன்னாள். அந்தப் பெருமை அவள் குரலிலிருந்து இறங்குவதற்குள் டாக்டர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொல்லிவிட்டார்.

குடல் மாட்டிக் கறுத்துப் போயிருந்தது, ஒரு பகுதியை வெட்டி எடுத்துத் தைத்திருக்கிறோம் என்றார்கள். விஷம் உடம்பில் கலந்திருக்கிறது, பார்க்கலாம் என்றார்கள். அன்று மத்தியானம் மயக்கம் தெளிந்தபோது தம்பி அழுதான். முழுத் தொண்டையில் அழுதான். கனத்த, கரகரத்த, கொஞ்சம் ஆண்பிள்ளைத்தனமான குரல். வார்டில் எல்லோரும் திரும்பினார்கள். யார் அழுவது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். அவன் குரல் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்மாவின் கை தானாக அவன் வாய்க்குப் போனது. நர்ஸம்மா அந்தக் கையைப் பிடித்து விலக்கினார். "உடும்மா. அழட்டும். அழுதா நல்லது."

மாலைக்குள் அழுகை தேய்ந்து முனகலாயிற்று. உடம்பு கொதித்தது, கால் மட்டும் சில்லிட்டிருந்தது. அப்பா அந்தக் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் தேய்க்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னார்கள்.

பகல் வேளையில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தூறிக்கொண்டிருந்தது. கிரீஸ் போட்ட கேட் சத்தமில்லாமல் திறந்தது. ஒவ்வொரு அறை வாசலிலும் செருப்புகள் நிறைந்து கிடந்தன, எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. தம்பியைக் கூடத்தில் கிடத்தினார்கள். தெருப் பெண்கள் உள்ளே வந்தார்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "எஞ்சாமீ..." என்று குரலெடுத்தாள்.

அம்மா நிமிர்ந்து உதட்டில் விரலை வைத்தாள்.

"ஷ்ஷ்... பசங்க தூங்குது."

அத்தையின் குரல் பாதியில் நின்றது. எல்லோருமே நிறுத்திவிட்டார்கள். ஷீட்டின் மேல் தூறல் விழுவது மட்டும் கேட்டது.

அப்போது ஏழாம் ரூம் கதவு திறந்தது. அண்ணன் வெளியே வந்தார். சட்டை போட்டிருந்தார், முகம் கழுவியிருந்தார். பக்கத்துக் கதவு திறந்தது, அதற்கடுத்த கதவு, பிறகு வரிசை முழுக்க. எல்லோரும் உள்ளே உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறார்கள். சி ஷிப்ட் முடித்தவர்கள், ஷிப்டுக்குப் போகாதவர்கள், எல்லோரும். அண்ணன் நனைந்தபடி எங்கள் வாசல்படியில் வந்து நின்றார்.

"யக்கா, அழுதிருங்க. ஒருத்தனும் உறங்கலக்கா."

அம்மா அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, வாய் இன்னும் அகலமாகத் திறந்தது. எங்கள் டி.வி.யில் அழுகிற பெண்களுக்குத் திறக்குமே, அப்படி.